அருவியில் எண்ணெய்க் குளியலா? வேண்டவே வேண்டாம்!

போன சாரல் சீசன் முடிகிற நேரம். இடது கையில் மாவுக்கட்டோடு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். பழைய நோயாளி. மூட்டுவலிக்கு மருந்து சாப்பிடுகிறவர்.

"என்ன அண்ணாச்சி, கை என்னாச்சு?"

"எல்லாம் உங்களாலதான் டாக்டரய்யா! எண்ணெ தேய்ச்சுக் குளிங்கன்னு சொன்னீங்கள்லா? குற்றாலத்துல லாட்ஜுலயே ஆள் வெச்சு, உச்சியிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் தேய்ச்சுட்டு, அப்படியே அருவிக்குப் போனேன். பாறையில வழுக்கிட்டு!"

நான் எண்ணெய்க் குளியல் சொன்னது நிஜம்தான். எந்தத் தண்ணீரில் குளிக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டது என் தப்பு.

குற்றாலம் போகிற பலர், எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பதுதான் சித்த வைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லவே இல்லை! தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதியை எடுத்துப் பாருங்கள். நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்று சொன்ன அதே நூல்தான், அன்றைக்கு வெந்நீர் என்றும் சொல்கிறது. முதல் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டோம்.

வெந்நீரும் சீயக்காயும் இருந்தால் எண்ணெய் அளவாகக் கழன்று வரும். அருவித் தண்ணீரோ பல் கிட்டுகிற குளிர்ச்சி. அதில் எண்ணெய் போகாமல் பிசுபிசுவென்று தோலில் ஒட்டிக்கொள்ளும். உடனே சோப்பு, ஷாம்பு பாக்கெட் என்று ஆரம்பிக்கிறோம். இத்தனையும் போய்ச் சேருவது சிற்றாற்றில். தென்காசி வழியாக ஓடித் தாமிரபரணியில் கலக்கிற ஆறு அது. இதனால்தான் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று 2014-லேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. பையைச் சோதிப்பார்கள் என்று தெரிந்ததும், லாட்ஜிலேயே தேய்த்துக்கொண்டு போகிற தந்திரத்தை நம்மவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்!

தவிர, எண்ணெய் முழுக்கு நாளில் ஓய்வு வேண்டும், எளிதில் செரிக்கிற உணவு வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? ஈரத்துணியோடு சாரலில் நின்று ஐஸ்கிரீம். ராத்திரி பரோட்டாவும் கோழியும். (பரோட்டா எனக்கும் பிடிக்கும். அது வேறு கதை.)

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் தொழில்காரர்களே என்னைக் கோபித்துக்கொள்ளலாம். 'மூலிகை கலந்த தண்ணி, சகல நோயும் போயிடும்' என்பது ரொம்ப மிகை. ஒரு கஷாயம் என்றால் சரக்கு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எவ்வளவாகச் சுண்ட வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. வேரைத் தொட்டுக்கொண்டு ஓடி வந்த தண்ணீர் கஷாயம் ஆகிவிடாது.

அப்படியானால் குற்றாலம் போனால் உடம்பு லேசாகிறதே, எதனால்? தோளிலும் முதுகிலும் விழுகிற தண்ணீரே நன்றாகப் பிடித்துவிடுகிறது. அப்புறம் நடை. பாளையங்கோட்டையில் நான் சித்த மருத்துவம் படித்த காலத்தில், மூலிகை பார்க்க எங்களைச் செண்பகாதேவி அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பேரருவிக்கு மேலே சுமார் 2 கிலோமீட்டர் காட்டுப்பாதை. நின்று நின்று இலையைக் கசக்கி முகர்ந்து, ஏறி இறங்குவதற்குள் பசி பிய்த்துத் தின்றது. அன்றைக்குப் படுத்ததும் தூக்கம். இப்போது வனத்துறைக் கட்டுப்பாட்டால் அங்கே நினைத்தபடி ஏற முடியாது. காட்டுக்கு அது நல்லதுதான். ஆனால் பேரருவியிலிருந்து ஐந்தருவி வரை காலையில் சாலையோரமாக நடக்கலாமே! நாலைந்து கிலோமீட்டர்தான். காரை விட்டு இறங்கினால்தானே!

அருவியில் நிற்கும்போது உச்சந்தலையை நேராகக் கொடுக்காதீர்கள். தண்ணீரோடு சில நேரம் கல்லும் வரும். இருதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, காதில் சவ்வு ஓட்டை, சமீபத்தில் கண் ஆபரேஷன்... இவர்கள் கரையில் உட்கார்ந்து சாரலை அனுபவித்தால் போதும். குடித்துவிட்டு வருகிறவர்கள் அருவிப் பக்கமே வர வேண்டாம்.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து, 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. கீழே வெயில் காயும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, போலீஸ் விசில் ஊதுகிறவரைக்கும் காத்திருக்காதீர்கள். அந்த நிமிஷம் ஓடி வெளியே வர வேண்டும். உள்ளங்காலில் எண்ணெயோடு அந்தப் பாறையில் எப்படி ஓடுவீர்கள்?

கட்டுப் பிரித்த அன்று அண்ணாச்சி மறுபடி வந்தார். "அடுத்த ஆடிக்கும் போவேன் டாக்டரய்யா. எண்ணெயை மட்டும் வீட்டுல முந்தின வாரமே தேய்ச்சிருதேன். வெந்நீர் போட அவ சம்மதிச்சுட்டா" என்றார்.