நாய்க்கு ஒரு கயிறு

இங்கிலாந்தில் கோடை வந்தால் பலர் மேட்டுநிலங்களில் நடந்து பறவை பார்ப்பார்கள். கழுத்தில் பைனாகுலர், காலடியில் நாய்!

அங்கே வானம்பாடியும் ஆள்காட்டி இனப் பறவையும் தரையில்தான் முட்டையிடுகின்றன. நாய் கடிக்க வேண்டியதில்லை. அருகே ஓடினாலே போதும். தாய்ப்பறவை பறந்துவிடும். முட்டை குளிர்ந்து போகும். அல்லது காக்கைக்கு இரையாகும்.

ஆகவே 2000-ம் ஆண்டில் சட்டம் செய்தார்கள். மக்கள் நடக்கத் திறந்துவிட்ட நிலங்களில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடிக்க வேண்டும்.

நம் ஊர் ஆள்காட்டிக் குருவியும் கோடையில் தரையில்தான் முட்டையிடுகிறது. முட்டை கூழாங்கல் போலவே இருக்கும். ஏரிக்கரைக்கு நாயோடு போகிறவர்கள் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? கையில் ஒரு கயிறு போதும். குஞ்சுகள் பிழைக்கும்.