சைஸ் என்ன, சாமி?



தை மாதம் ஐந்தாம் நாள் மணலூர்பேட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு ஊரே ஆற்றில்தான் இருக்கும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காகத் தென்பெண்ணைக் கரைக்கு வருவார். சுற்றுவட்டாரச் சனமெல்லாம் மணலில் கூடிவிடும். வளையல் கடை, பொரிக் கடை, பலூன்காரர், ராட்டினம். அப்படி ஒரு ஆற்றுத் திருவிழாவில், தார்ப்பாய் விரித்து ஷூக்களைக் குவித்து வைத்திருந்த ஒரு கடை முன்னால் நின்றுவிட்டேன்.

ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற பையன் ஒருவன் குவியலில் கைவிட்டுத் துழாவி, வெள்ளை நிறத்தில் ஒரு ஜோடியை எடுத்தான். பக்கவாட்டில் டிக் மார்க். அது நிஜ நைக்கி இல்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

“முந்நூத்தம்பது ரூபாக்கா.”

அம்மா அதை வாங்கி வளைத்துப் பார்த்தார். அடிப்பாகத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். “வளர்ற புள்ள. இதுலயே ரெண்டு சைஸ் பெருசா குடுங்கண்ணா.”

பெரியதை மாட்டிக்கொண்டு நின்றான் பையன். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் தாராளமாக நுழையும்.

“சரியா இருக்கா சாமி?”

“ம். சரியா இருக்கும்மா.”

சரியாக இல்லை. ஆனால், இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் அடுத்த திருவிழாதான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

பேரம் 280-க்கு முடிந்தது. அந்த அம்மா பர்ஸைத் திறந்து பத்தும் இருபதுமாக எண்ணிக் கொடுத்தார். பையன் ஷூவைப் போட்டுக்கொண்டு போகவில்லை. இரண்டையும் லேஸால் முடிந்து தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, மணலில் வெறுங்காலோடு நடந்தான். புது ஷூவில் மண் பட்டுவிடக் கூடாதே!

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சிரித்தார். “சோத்துக்கு இல்லாட்டியும் ஷூ கேக்குதுங்க பாருங்க, இந்தக் காலத்துப் புள்ளைங்க.” நானும் தலையாட்டி வைத்தேன். பஸ் ஏறிய பிறகுதான் உறுத்தியது, எதற்குத் தலையாட்டினோம் என்று. அந்த உறுத்தலைத்தான் இந்த மாதம் உங்களிடம் சொல்ல வந்தேன்.

காசு குறைவான வீடுகளில் ஷூவுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. முதல் வருஷம் அது பெரிதாக இருக்கும். நுனியில் பேப்பரை அடைத்துப் போட வேண்டும். இரண்டாம் வருஷம் சரியாக இருக்கும். மூன்றாம் வருஷம் விரலைக் கடிக்கும். பின்பக்கத்தை மடித்து மிதித்துச் செருப்பாக்கிக்கொள்ள வேண்டும். அதுவரை பிய்யாமல் இருந்தால் தம்பிக்குப் போகும். ஆக, மூன்று வருஷத்தில் ஒரே ஒரு வருஷம்தான் காலுக்கேற்ற ஷூ!

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ல் நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். திருவிழாக் கடை ஷூ கிட்டத்தட்ட ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூமில் ‘ஒரிஜினல்’ மூவாயிரத்துச் சொச்சம் என்றால், அது பத்து நாள் வெயில். இந்தக் கணக்கெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரியாதா? உங்களையும் என்னையும்விட நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் கேட்கிறான்?

பள்ளிக்கூட வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், பதில் கிடைக்கும். பணக்கார வீடு, ஏழை வீடு என்ற பேதம் வகுப்பறைக்குள் தெரியக் கூடாது என்றுதான் சீருடை வந்தது. சட்டை ஒன்றாகிவிட்டது. பிள்ளைகளின் கண் சும்மா இருக்குமா? கீழே இறங்கியது. இப்போது யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பதைக் காலைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். பையையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்து மீதியைச் சொல்லிவிடுகிறார்கள்.

அரசுப் பள்ளிகளில் புத்தகம், சீருடையோடு காலணியும் இலவசமாகக் கிடைக்கிறது. நல்ல திட்டம், எத்தனையோ தாய்மார்களின் பாரத்தைக் குறைத்த திட்டம். ஆனால் வயசுப் பிள்ளைகளுக்கு, ‘கொடுத்தது’ வேறு, ‘நானே பார்த்து எடுத்தது’ வேறு. தீபாவளித் துணியை நாமே பார்த்து எடுக்க வேண்டும் என்று நமக்கு மட்டும் தோன்றுவதில்லையா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் செருப்பு என்றைக்குமே வெறும் செருப்பாக இருந்ததில்லை. குறிப்பிட்ட தெருக்கள் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட தாத்தாக்களும் பாட்டிகளும் இன்னமும் நம்மோடு இருக்கிறார்கள். பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைப் பாருங்கள். பட்டியலின, பழங்குடி மக்களைப் பொது இடத்தில் காலணி அணியவிடாமல், புதுத்துணி உடுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகவே எழுத வேண்டியிருந்தது. இத்தனை அண்மையில்!

தாத்தா கையில் தூக்கிக்கொண்டு போனதைப் பேரன் காலில் போட்டுக்கொண்டு, அதுவும் பளிச்சென்ற வெள்ளையில் போட்டுக்கொண்டு, அதே தெருவில் நடக்கிறான். அதைப் பகட்டு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஓட்டக்காரி ஹிமா தாஸை நினைவிருக்கிறதா? அசாமில் டிங் என்ற ஊரில் ஒரு விவசாயியின் மகள். 2018-ல் பின்லாந்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகத் தடகளப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். ஆரம்ப நாட்களில் தன்னுடைய சாதாரண ஷூவில் ‘அடிடாஸ்’ என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஜெயித்த பிறகு அதே அடிடாஸ், அவருடைய பெயர் பொறித்த ஷூவைச் செய்து கொடுத்தது. முடிவு இனிப்பானதுதான். எனக்கு மனதில் நிற்பது அந்தப் பேனா எழுத்து. நம் ஊர்ப் பள்ளிகளில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பாருங்கள், அப்படி எழுதிய ஷூக்கள் இங்கேயும் உண்டு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1985-ல் மைக்கேல் ஜோர்டான் பெயரில் ஷூ வந்ததிலிருந்து, அது இல்லாத பையன் தெருவில் தலைகுனிந்து நடக்கும் நிலை வந்தது. நியூயார்க்கில் ஏழு பிள்ளைகள் உள்ள ஏழை வீட்டில் வளர்ந்த கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபான் மார்பரி அதை மறக்கவில்லை. 2006-ல் தன் பெயரில் ஒரு ஷூவை 14 டாலர் 98 சென்டுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜோர்டான் ஷூ நூறு டாலருக்கு மேல் விற்ற காலம் அது. விலையைக் குறைத்ததோடு அவர் நிற்கவில்லை. அதே ஷூவைப் போட்டுக்கொண்டு பெரிய ஆட்டங்களிலும் ஆடினார். ‘மலிவு’ என்ற சொல்லில் இருக்கும் கூச்சத்தைப் போக்க அதைவிட நல்ல வழி இருக்கிறதா?

நம் கள்ளக்குறிச்சி மாவட்டமே ஷூ மாவட்டமாக ஆகப்போகிறது என்கிறார்கள். உளுந்தூர்பேட்டையில் 2,302 கோடி ரூபாயில், 20,000 பேருக்கு வேலை தரும் ஷூ ஆலை அமைக்கத் தைவானின் பௌ சென் குழுமம் 2023 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. அந்தப் பக்கம் செய்யாறு சிப்காட்டில் பல வருஷமாக நைக்கி ஷூ தயாராகிறது. கம்பெனி பஸ்ஸில் விடியற்காலையில் ஏறும் பெண்கள் நம் வீட்டுப் பெண்கள். டிக் மார்க்கை நாள் முழுக்கத் தைக்கும் கை அம்மாவுடையது. திருவிழா மணலில் போலி டிக் மார்க்கைத் தேடும் கை பிள்ளையுடையது. இது ஒரு நாள் மாறட்டும். வேலையும் கூலியும் கூடக்கூட மாறும் என்றுதான் நம்புகிறேன்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்?

காசு குறைவான வீட்டுப் பெற்றோருக்கு முதலில் ஒரு வார்த்தை. “நமக்கெல்லாம் எதுக்குடா அது?” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘இப்போது காசு இல்லை’ என்பது ஒரு மாதத்துச் சேதி. ‘நமக்கெல்லாம் எதுக்கு’ என்பது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். கையில் இருப்பதை எடுத்துக் காட்டிப் பேசுங்கள். “இவ்ளோதான் இருக்கு. ஷூவா, பையா, நீயே சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நியாயமாகப் பேசுவார்கள்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒன்று. வாரத்தில் சில நாள் கறுப்பு ஷூ, மற்ற நாள் வெள்ளை ஷூ என்று இரண்டு ஜோடி கேட்கிறீர்களே, ஒன்று போதாதா? ஷூ போடாமல் வந்த பிள்ளையைப் பிரேயரில் தனியாக நிறுத்துவதால் யாருக்கு என்ன கிடைக்கிறது?

உதவி செய்ய மனமுள்ளவர்களுக்குச் சொல்வதற்கு முன் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன், என் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன ஷூவைத் துடைத்து, தெரிந்த வீட்டுப் பையனுக்குக் கொடுத்தேன். நல்ல ஷூ, கிழிசல் இல்லை. வாங்கிக்கொண்டான். ஒரு நாளும் போடவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே பள்ளி. அது யார் போட்ட ஷூ என்று வகுப்புக்கே தெரியும்.

அதனால்தான் கேட்கிறேன். கொடுப்பதென்றால் புதிதாகக் கொடுங்கள், ஒரே ஒரு ஜோடியானாலும் போதும். போட்டோ வேண்டாம், மைக் வேண்டாம். முடிந்தால் கடைக்குக் கூட்டிப்போய் அவனையே எடுக்கச் சொல்லுங்கள். போக முடியாவிட்டால் சாயங்கால நேரத்தில் ஒரு நியூஸ் பேப்பரின் மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலையில் இருப்பதைவிடச் சாயங்காலம் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த அளவுதான் சரி.

பள்ளி திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே உங்கள் தெருவில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, “சைஸ் என்ன, சாமி?” என்று கேளுங்கள். வளர்கிற பிள்ளைதான், இரண்டு சைஸ் பெரிதாக வேண்டாம். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்