டொமினிக்கை ஆர் கணக்கில எடுத்தது?

(படம் பார்க்காத ஆக்கள் பார்த்திட்டு வாங்கோ. கதை முழுக்க இதில வருது.)

மார்டின் மக்டொனாவின் ‘த பான்ஷீஸ் ஒஃப் இனிஷெரின்’ (2022) பார்த்தவர்கள் கூடினால் சண்டை ஒண்டுதான்: நீ கொலம் பக்கமா, பாட்ரிக் பக்கமா?

1923. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு கற்பனைத் தீவு. வழமைபோல இரண்டு மணிக்குத் தவறணைக்குக் கூப்பிட வந்த பாட்ரிக்கை, கொலம் திரும்பியும் பார்க்கிறதில்லை. உன்னோட கதைக்கிறது அலுப்பு, மிச்சக் காலத்தில் இசையமைக்க வேணும், இனிமேல் தொந்தரவு செய்தால் ஒவ்வொரு தரமும் என் விரல் ஒண்டை வெட்டுவேன் என்கிறார். பிடில் வாசிக்கிற விரல்!

சினேகிதத்தை விட்டு விலக ஆருக்கும் உரிமை இருக்கு. அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. ஆனால் வெட்டின விரலை மற்றவன்ர கதவில எறியிறது விலகல் இல்லை, மிரட்டல். இருக்கிறது ஒரு தவறணை, ஒரு தேவாலயம். அதுக்குள்ள எங்கே போய் விலகுறது?

கடலுக்கு அங்கால் உள்நாட்டு யுத்தம் நடக்குது, வெடிச்சத்தம் தீவுக்கும் கேட்குது. அதனால் நட்பு முறிவையே யுத்தத்தின் உருவகமாகப் பலர் வாசிக்கிறார்கள். பிழையில்லை. ஆனா அந்த வாசிப்பில் இரண்டு ஆம்பிளைகள் மட்டும்தான் மிஞ்சுகிறார்கள். எங்களுக்கு முக்கியமாய்ப் படுறது டொமினிக் (பரி கியோகன்).

கொலமுக்கு பாட்ரிக் அலுப்பு. அந்த பாட்ரிக்கோ, தீவிலேயே பெரிய மொக்கன் டொமினிக், தான் இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். தன்னை மட்டந்தட்டினதுக்கு அழுகிறவனுக்கும் மட்டந்தட்ட ஒருவன் தேவைப்படுது. டொமினிக்கை அடிக்கிறதும் பாலியல் வதை செய்யிறதும் அவனைப் பெத்த தகப்பன், தீவின் பொலிஸ்காரர். பாட்ரிக் அதை அந்த மனிசனின் முகத்துக்கு நேரேயே சொல்கிறான். ஆனால் அந்தப் பெடியனைக் காப்பாற்ற இல்லை, தன்ர கோபத்தில் திருப்பிக் குத்த. அதுக்குப் பிறகும் ஒண்டும் மாறுறதில்லை.

கொலமிடம் படிக்க வந்த மாணவனை, உன்ர தகப்பனைப் பாண் வான் அடிச்சுப்போட்டுது என்று பொய் சொல்லி பாட்ரிக் ஊருக்குத் திருப்பி அனுப்புகிறான். நாங்களும் சிரிச்சம். டொமினிக் மட்டும் சிரிக்கவில்லை. நீயாவது நல்லவன் என்று நினைச்சிருந்தேனே என்ற மாதிரி எழும்பிப் போகிறான். படத்திலேயே சரியான தீர்ப்பைச் சொன்னது, எல்லாரும் மொக்கன் என்ற அந்தப் பெடியன்தான்.

ஷிவோனுக்குப் போக வழி இருந்தது. பெருநிலப்பரப்பில் நூலக வேலை, படிச்ச படிப்பு, கையில் ஒரு பெட்டி. கொலமுக்கு இசை, பாட்ரிக்குக்குக் கோபம். டொமினிக்குக்கு என்ன இருந்தது? ஏரிக்கரையில் ஷிவோனிடம் தயங்கித் தயங்கித் தன் விருப்பத்தைக் கேட்கிறான். அவள் நோகாமல்தான் மறுக்கிறாள். பிறகு அதே ஏரியில் அவன்ர உடல் மிதக்குது.

கடைசிக் காட்சியில் கடற்கரையில் நிற்கிறது பழைய சினேகிதர் இரண்டு பேர். எரிஞ்ச வீட்டைப் பற்றிக் கதைக்கிறார்கள், யுத்தத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள், நாயைப் பார்த்துக்கொண்டதுக்கு நன்றியும் சொல்லுப்படுது. டொமினிக்கின் பேர் அங்கே வரவேயில்லை.