நின்ற காரின் டிக் டிக்

இன்ஜினை அணைத்த பிறகு காரின் அடியிலிருந்து ‘டிக்... டிக்...’ என்று வரும் ஓசை, சூடேறிய உலோகம் ஆறிச் சுருங்கும் ஓசை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகரக் கூரை, பொழுது சாய்ந்ததும் சடசடப்பதும் இதனால்தான்.

இன்ஜினின் புகையை வெளியேற்றும் குழாய் காரின் அடியிலேயே பின்புறம் வரை போகிறது. நடுவில் சைலன்சரும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் உள்ளன. கன்வர்ட்டர் வேலையைத் தொடங்கவே ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஓடும்போது அதைவிட மிக அதிகமாகச் சூடேறவும் செய்யும். ஒரு மீட்டர் எஃகுக் குழாயில் 300 டிகிரி சூடு இறங்கினால், நீளம் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறையும்.

குழாய் தாராளமாகச் சுருங்க முடிந்தால் ஓசையே எழாது. ஆனால் போல்ட்டும் கிளாம்ப்பும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. சுருங்கப் பார்க்கும் குழாயில் இறுக்கம் ஏறுகிறது; பிடி தாங்காத நொடியில் மயிரிழை அளவு வழுக்குகிறது. அதுதான் ஒரு ‘டிக்’. மறுபடி இறுக்கம், மறுபடி வழுக்கல். குழாயின் மேல் வெப்பத்தைத் தடுக்கப் பொருத்திய மெல்லிய தகடு சீக்கிரம் ஆறிவிடும். கனத்த குழாய் மெதுவாகத்தான் ஆறும். இரண்டும் உரசும் இடத்திலும் ஓசை பிறக்கிறது.

சூடு அதிகமாக இருக்கும்போது ஆறுதலும் வேகமாக நடக்கும். அதனால் முதல் சில நிமிடங்கள் ஓசை அடுத்தடுத்து வந்து, பிறகு இடைவெளி விட்டு, கடைசியில் அடங்கிவிடும்.

வேறு ஓசைகளும் உண்டு. சில கார்களில் ரேடியேட்டர் விசிறி வண்டியை நிறுத்திய பிறகும் சற்று நேரம் சுழலும். ஏசி குழாய்களில் அழுத்தம் சமன்படும்போது ‘உஸ்’ என்று கேட்கும். சில கார்கள் நிறுத்திப் பல மணி நேரம் கழித்து, பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று தாமாகவே சோதிக்கும். நள்ளிரவில் சிறு பம்ப்பின் முனகல் கேட்பது அதனால்தான்.

ஓடும்போதும் தகரம் அதிர்ந்தால், தடுப்புத் தகடு தளர்ந்திருக்கலாம். சீறலோடு ஆவியும் இனிப்பு வாடையும் வந்தால் கூலன்ட் கசிகிறது; சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

வெறும் ‘டிக் டிக்’குக்கு மெக்கானிக் தேவையில்லை. ஆனால் அது கேட்கும்வரை குழாய் சுடும்: அடியில் கை விடக் கூடாது, காய்ந்த புல்லின் மேலோ வைக்கோலின் மேலோ காரை நிறுத்தவும் கூடாது.