ஜாங்கோவுக்கு விசிலடிக்கிற எங்கட ஊர்

டரன்டினோவின்ர 'ஜாங்கோ அன்செயின்ட்' (2012) படத்தில, அடிமையா இருந்தவன் துவக்கோட திரும்பி வந்து எசமானின்ர மாளிகையை வெடிவைச்சுத் தகர்க்கிறான். எங்கட பெடியள் விசிலடிக்கினம். அடிக்கட்டும். ஆனா கோபம் முழுக்க அமெரிக்காக்காரனுக்கு மட்டுந்தானோ?

நெடுந்தீவுக்குப் போறவை குதிரைகளோட செல்ஃபி எடுக்கினம், ஒல்லாந்தர் கோட்டையைப் பார்க்கினம். அதே ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கின எங்கட தேசவழமையில அடிமைகளுக்கெண்டே ஒரு பகுதி இருந்தது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் எண்டு சாதிப் பெயர் சொல்லியே எழுதியிருக்கு. எழுதுவிச்சது வெள்ளைக்காரன். வாசிச்சுப் பார்த்து 'சரி' எண்டவை 12 தமிழ் முதலியார்மார்.

ஜாங்கோவின்ர கதை நடக்கிறது 1858இல். அதுக்கு 14 வருசம் முந்தியே, 1844இல், இலங்கையில அடிமைமுறையைச் சட்டம் ஒழிச்சிட்டுது. ஆனா இங்க மாளிகை இடியேல்லை. 1968இலயும் மாவிட்டபுரம் கோயில் வாசலில ஒடுக்கப்பட்ட சனத்தை மறிச்சவை. தேசவழமையின்ர அடிமைப் பகுதி செத்துப்போச்சு. சொத்து விதிகள் இண்டைக்கும் உயிரோட இருக்கு. அடிமையை விட்டவை, காணியை விடேல்லை.

படம் ரெண்டே முக்கால் மணித்தியாலத்தில கணக்கை முடிச்சிடும். எங்கட கணக்குக்குத் துவக்குத் தேவையில்லை, கேள்விதான் தேவை. ஊர்காவற்றுறையோ நயினாதீவோ, உங்கட ஊரில ஆரிட்டக் காணி இருக்கு, ஆரிட்ட இல்லை? ஏன்? விசிலடிச்ச வாயால அதையும் கேளுங்கோ.