வாளியின் எடையும் பாலின் தரமும்



பால்மரம் சீவிய கைகளுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வாளி நிறைந்திருந்தால் மட்டும் போதாது. பாலை நிறுத்த பிறகு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் சோதிப்பார்கள். எடை பொய் சொல்லாது. ஆனால் எல்லாவற்றையும் சொல்லியும் விடாது. விளையாட்டிலும் இதே கதைதான்.

நமக்கு ஹாக்கி என்றால் புல்வெளி. 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மலேசியா நான்காம் இடம் பெற்றதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலுமோ ஹாக்கி என்றாலே பனித்தரை ஆட்டம்தான். பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு!

அங்கே ஓர் ஆட்டத்தில் இரு தரப்பும் சேர்ந்து சராசரியாக ஐந்தாறு கோல்தான் போடும். ஆகவே அதிர்ஷ்டம் புகுந்து விளையாடிவிடும். இதற்குக் கணக்கு நிபுணர்கள் ஒரு வழி கண்டார்கள். கோலை நோக்கி அடிக்கும் ஒவ்வோர் அடியையும் எண்ணினார்கள். உள்ளே போனது, காவலர் பிடித்தது, குறி தவறியது, எதிராளி உடம்பைக் கொடுத்து மறித்தது எல்லாமே கணக்கு. ஜிம் கோர்சி என்ற கோல் காவலர் பயிற்சியாளரின் பெயரால் இதைக் 'கோர்சி' என்கிறார்கள். அதிகம் அடிக்கும் குழுவிடமே ஆட்டம் இருக்கிறது என்பது இதன் பொருள்.

நல்ல கணக்குத்தான். ஆனால் நடந்ததைக் கேளுங்கள்.

2014-இல் ஸ்டான்லி கிண்ணத்தை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ், அடுத்த பருவத்தில் இந்தக் கணக்கில் முதலிடம். கனடாவின் கல்கரி பிளேம்ஸ் குழுவோ கடைசி வரிசையில். 82 ஆட்டங்கள் முடிந்தபோது கிங்ஸுக்கு 40 வெற்றி. கூடுதல் நேரத்திலும் தனியடியிலும் தோற்ற 15 ஆட்டங்களுக்குத் தலா ஒரு புள்ளி. ஆக 95. கல்கரிக்கு 45 வெற்றி, அத்தகைய தோல்வி 7. ஆக 97! 2015 ஏப்ரல் 9-ஆம் நாள் கிங்ஸை 3-1 என வீழ்த்தி, கிண்ணத்துக்கான சுற்றுக்குள் நுழைந்தது கல்கரி. வெற்றியாளர் வெளியே நின்றார்.

ஏன் இப்படி? தொலைவிலிருந்து அடித்ததும் ஒன்றுதான், கோல் வாசலில் நின்று அடித்ததும் ஒன்றுதான் என்று எண்ணுகிறது கோர்சி. காவலரின் திறமையும் அதில் வராது. ஆட்டம் சமமாகி, ஒரே அடியில் முடிவு தொங்கும் வேளையில், முன்பு அடித்த நூறு அடிகள் கைகொடுப்பதில்லை.

அப்படியானால் கணக்கே குப்பையா? அவசரப்படாதீர்கள். அதற்கடுத்த பருவத்தில் கிங்ஸ் 102 புள்ளி பெற்று உள்ளே வந்தது. கல்கரி 77 புள்ளியோடு வெளியே போனது. ஒரு குழு எப்படி ஆடுகிறது என்று கணக்கு சரியாகவே சொன்னது. இன்று யார் வெல்வார் என்பதைத்தான் அதனால் சொல்ல முடியவில்லை.

பிள்ளையின் தேர்வு முடிவு கைக்கு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை அலட்சியம் செய்யவும் வேண்டாம். அதுதான் என் பிள்ளை என்று முடிவு கட்டவும் வேண்டாம். வாளியை நிறுங்கள். பாலையும் பாருங்கள்.