டிஸ்கோவும் நம் துள்ளிசையும்



சென்ற ஆவணி மாதத்தில் நாரந்தனையிலே ஒரு கலியாணவீட்டுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பகலில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கத் தாலிகட்டு இனிதே நிறைவெய்தியது. இரவானதும் பந்தலின் ஒரு மூலையில் ஒலிபெருக்கிகளை அடுக்கினார்கள். கனடாவிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் பழைய டிஸ்கோ இசையை முழங்கவிட்டு ஆடத் தொடங்கினர்.

என் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் முகத்தைச் சுளித்தார். "தம்பி, இது பாட்டோ, வள்ளத்து எஞ்சின் சத்தமோ?" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். சற்று நேரத்தில் 'சுராங்கனி' ஒலித்தது. முதியவரின் கைத்தடி அவரை அறியாமலே நிலத்தில் தாளம் போட்டது. "இது எங்கட பாட்டல்லோ!" என்றார் பெருமையுடன். அருகில் நின்ற பேத்தி விடவில்லை. "அப்பப்பா, இதுவும் ஆடுற பாட்டுத்தானே? அப்ப அதுக்கு மட்டும் ஏன் கோபிச்சனீங்கள்?" என்று கேட்டாள். முதியவர் என்னைப் பார்த்தார். அப்போது சொல்லத் தெரியாத விடையையே இவ்வாரம் எழுதுகின்றேன்.

'டிஸ்கோதெக்' என்பது பிரெஞ்சுச் சொல். நூலகத்தைக் குறிக்கும் 'பிப்லியோதெக்' என்னும் சொல்லைப் போல அமைந்தது. இசைத்தட்டுகளைச் சேர்த்துவைக்கும் இடம் என்பதே அதன் முதற்பொருள். பின்னர், வாத்தியக் குழுவுக்குப் பதிலாக இசைத்தட்டை ஒலிக்கவிட்டு ஆடும் மண்டபத்துக்கு அது பெயராயிற்று. 1970-களின் தொடக்கத்தில் நியூயோர்க் நகரில் அத்தகைய மண்டபங்களை நாடி வந்தோர் யாவர்? கறுப்பின மக்கள், ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள், தன்பால் விருப்பினர் ஆகியோரே. வேறிடங்களில் மதிப்புக் கிடையாத அவர்கள், அங்கே அச்சமின்றிக் கூடி ஆடினர்.

அவர்கள் ஆடிய இசையின் அமைப்பு மிக எளியது. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பெருமுரசு ஓர் அடி கொடுக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள். ஆடுவோர் இடையில் நிற்காதிருக்கும் பொருட்டு, நீண்ட பாடலைத் தாங்கும் 12 அங்குல இசைத்தட்டுகள் வந்தன. 1977-ஆம் ஆண்டு டொனா சமர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' என்ற பாடலில் மின்னணுக் கருவிகளே வாத்தியங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதே ஆண்டில் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' என்னும் திரைப்படமும், அதில் பீ ஜீஸ் சகோதரர் பாடிய பாடல்களும் உலகெங்கும் டிஸ்கோவைக் கொண்டுசென்றன.

இவ்விசையில் நம்மவர் பங்கும் உண்டு. 1974-இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்ற 'குங்ஃபூ ஃபைட்டிங்' என்ற பாடலைத் தயாரித்தவர் பெங்களூரில் பிறந்த பிட்டு என்பவர். 'குர்பானி' என்ற இந்திப் படத்துக்காக, பாகிஸ்தானைச் சேர்ந்த நாசியா ஹசன் என்ற பதினைந்து வயதுச் சிறுமியைப் பாடவைத்தவரும் அவரே. அப்படம் 1980-இல் வெளிவந்தது. 1982-இல் 'டிஸ்கோ டான்சர்' படம் சோவியத் நாட்டையும் ஆடவைத்தது. தமிழிலும் அதே ஆண்டில் 'சகலகலா வல்லவன்' படத்துக்காக இளையராஜா அமைத்த புத்தாண்டுப் பாடல் இன்றும் மார்கழி 31-ஆம் இரவில் ஒலிக்கின்றது.

ஆயினும் டிஸ்கோவைப் பகைத்தவர்களும் இருந்தனர். 1979 யூலை 12-ஆம் நாள் சிக்காகோ நகரின் விளையாட்டரங்கு ஒன்றில், இரண்டு பேஸ்போல் ஆட்டங்களுக்கு இடையே, டிஸ்கோ இசைத்தட்டுகளைப் பெட்டியிலிட்டு வெடிவைத்துத் தகர்த்தனர். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாம் ஆட்டம் நடைபெறவேயில்லை. நூலகம் எரிந்ததைக் கண்ட யாழ்ப்பாணத்தார்க்கு, பிறர் போற்றும் பொருளைக் கொளுத்தி மகிழும் மனம் எத்தகையது என்று விளக்கவேண்டியதில்லை. அவ்வெடியோடு டிஸ்கோ மாண்டுபோகவுமில்லை. அதே சிக்காகோவில் சில ஆண்டுகளில் 'ஹவுஸ்' என்னும் புதிய ஆடலிசை அதிலிருந்தே முளைத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 'பைலா' என்பது ஆடலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. போர்த்துக்கேயரும், அவர்களால் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழியினரும் விட்டுச்சென்ற செல்வம் அது. ஆறு எண்ணிக்கையில் துள்ளி வரும் அதன் நடை, நம் சங்கீத வித்துவான்கள் திஸ்ரம் என்பதற்கு நெருங்கியது. 1940-களில் வொலி பெஸ்டியன் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் அதனைச் சிங்களத்தில் மேடைப்பாடலாக வளர்த்தார்.

தமிழிளைஞர்கள் பின்தங்கவில்லை. நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே பாடினார். ஏ. ஈ. மனோகரன் மேடைகளில் ஆடிப் பாடினார். இலங்கை வானொலி இப்பாடல்களைப் 'பொப்பிசை' என்ற பெயரில் ஒலிபரப்பியது. துள்ளிசை என்றும் அவற்றைக் கூறினர். நம் நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978-இல் படமானபோது, அதில் நடித்தவர்களுள் மனோகரனும் ஒருவர். அவர் 2018-ஆம் ஆண்டு சென்னையில் காலமானார்.

அவர் புகழ்பரப்பிய 'சுராங்கனி'யிலே தமிழும் சிங்களமும் ஒரே வரிசையில் கைகோத்து நிற்கின்றன. பேசுபொருளோ கடலில் பிடித்த மீன்! 1977-இல் இளையராஜா அதைத் தமிழ்ப் படமொன்றில் சேர்த்தார். அதே ஆண்டு ஆவணியில் இந்நாட்டில் தமிழர்மீது வன்செயல் மூண்டது. பாட்டிலே சேர்ந்த இரு மொழிகளும் தெருவிலே சேரவில்லை. அதற்காகப் பாட்டைக் குறைகூற முடியுமா?

இப்போது பேத்தியின் கேள்விக்கு விடை சொல்லலாம். டிஸ்கோவும் சுராங்கனியும் தாளத்தால் வேறு, ஊரால் வேறு. ஆயினும் இரண்டின் வேரிலும் ஆபிரிக்கரின் தாளம் இருக்கின்றது. பலவந்தமாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள் ஒரு கரையில் அமெரிக்காவிலும், மறு கரையில் இலங்கையிலும் இறங்கினர். உடைமை எதுவுமின்றி வந்தவர்கள் தாளத்தை மறக்கவில்லை. ஆகவே இவ்விரு இசைகளும் ஒன்றுவிட்ட சகோதரர் என்று சொல்வதில் தவறில்லை. ஒருவனை மடியில் இருத்தி, மற்றவனை வாசலில் நிறுத்துவது நியாயமாகுமா?

இசையென்ற பெயரில் நள்ளிரவிலும் ஊரை உறங்கவிடாத இரைச்சலுக்கு நான் பரிந்து பேசவில்லை. நோயாளரும் குழந்தைகளும் உள்ள அயலில் ஒலியைத் தணிப்பது பண்பு. ஆனால் ஒலியைத் தணி என்பது வேறு, உன் பாட்டு பாட்டேயல்ல என்பது வேறு.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். 1990-இல் போர் வந்து தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் எவர் சுமந்து சென்றார்? எஞ்சியவை சில வீடுகளின் பரணில் தூசு படிந்து கிடக்கலாம். அவற்றைத் தேடி எடுங்கள். கைத்தொலைபேசியிலாவது பதிவுசெய்யுங்கள். பாட்டு எந்த ஆண்டு கேட்டது, எந்த மேடையில் ஒலித்தது என்று அப்பு ஆச்சியிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

அக்கலியாணவீட்டில் முதியவர் எழுந்து ஆடினாரோ என்று கேட்பீர்கள். ஆடவில்லை. ஆனால் அடுத்த டிஸ்கோ பாட்டு வந்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை. பேத்தியை அருகே அழைத்து, "இது ஆர் பிள்ளை பாடினது?" என்று கேட்டார்.